நான்கு புள்ளி ஏழு

என் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இதைச் சொல்பவன் அவனேதான். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும் என்பதுதான் அது.

“ஏழுன்னா சுத்தமான தண்ணி. அதுக்குக் கீழ இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். அஞ்சைவிட நாலு புளிப்பு” என்று பயிற்சி முடிந்து வந்த நாளிலிருந்து நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“அது எப்படி? கம்மியா இருக்கறது எப்படி ஜாஸ்தியாகும்?” என்பான். தன் கேள்வியைத் தானே ரசித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த எண்ணைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இருபத்திரண்டு தக்காளிக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூழ் ஆலை எங்களுடையது. ஒரு பழைய கிடங்கைச் சுத்தம் செய்து, தரைக்கு ஓடு பதித்து, ஜன்னல்களுக்கு ஈ வலை அடித்து உண்டாக்கியது. உள்ளே நுழைந்ததும் பழம் கழுவும் தொட்டி, அதையடுத்துத் தரம் பிரிக்கும் பெல்ட். பிறகு தோலையும் விதையையும் ஒரு பக்கம் துப்பிவிட்டுக் கூழை மறுபக்கம் விடும் பல்ப்பர். கடைசியில் நீராவியில் கொதிக்கும் எஃகுக் கொப்பரை. கொப்பரைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட மூலைதான் என் ராஜ்யம். ஒரு மேசை, பேனா அளவில் ஒரு பி.எச். மீட்டர், அதைத் தினமும் சரிபார்க்க இரண்டு புட்டித் திரவம், சூடான கூழை ஆறவைக்க ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு சின்ன அடுப்பு, ஒரு நீள நோட்டு. அந்த நோட்டில் நான் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கொப்பரையின் குழாயைத் திறந்து பாட்டிலில் நிரப்பலாம். 4.4-க்கு மேலே போனால் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியது அண்ணன்தான்.

ஆலையே அவன் பிடிவாதத்தில் வந்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன் தக்காளி விலை விழுந்தபோது, பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று ஆனபோது, பழுத்து நின்ற தன் தோட்டத்தின் மேல் அவனே டிராக்டரை ஓட்டினான். நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். பழம் நசுங்கும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முடித்துவிட்டு வந்து சக்கரங்களை அரை மணி நேரம் கழுவினான். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “இனிமே பழமா விக்கக் கூடாது. பாட்டிலாதான் விக்கணும்” என்றான். என்னைவிட இரண்டே வயது பெரியவன். அன்று அவன் முகத்தில் இருபது வயது கூடியிருந்தது.

அதிலிருந்து ஒற்றைக் காலில் நின்று, வீடு வீடாக ஏறி இறங்கி, இருபத்திரண்டு பேரைச் சேர்த்தான். என்னைப் பயிற்சிக்கு அனுப்பியதும் அவன்தான். “கணக்குல புலி, வாயில அதைவிடப் பெரிய புலி. மீட்டர் பக்கத்துல இவதான் உட்காரணும்” என்று கூட்டத்தில் சொன்னான்.

நான் சொல்லப்போகும் நாளில், மாலை நான்கு மணிக்கு ஒரு பெரிய கம்பெனியின் தர அதிகாரி வருவதாக இருந்தது. நூற்றுக்கணக்கான சமையலறைகளுக்குத் தக்காளிக் கூழ் அனுப்பும் கம்பெனி. அன்று போடும் கூழில் ஆறு பாட்டில் வாங்கிப் பார்த்து, பிடித்திருந்தால் வருஷம் முழுவதும் எங்களிடம் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை விலை விழும்போது இருபத்திரண்டு டிராக்டர்கள் கிளம்ப வேண்டியதுதான். விஷயம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்தக் கூழ் யாருடைய தோட்டத்தில் இருந்து என்பதில்தான் கதையே இருக்கிறது. அண்ணன் இன்னொரு சட்டமும் போட்டிருந்தான்: ஒரு தோட்டம், ஒரு பாட்டில். யார் பழத்தையும் யார் பழத்தோடும் கலக்கக் கூடாது. “மார்க்கெட்ல கொட்டின உடனே நம்ம பேரு போயிடுது. நல்லதும் கெட்டதும் ஒரே குவியல். இங்க அப்படி நடக்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டில்லயும் வெளைய வெச்சவன் பேரு இருக்கணும்” என்றான். எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான் தட்டினேன். லேபிளும் அப்படியே அச்சாகி வந்தது. மேலே ‘தக்காளி மட்டும். வேறொன்றும் இல்லை’ என்று கொட்டை எழுத்து. கீழே ‘தோட்டம்’ என்று போட்டு, பெயரைக் கையால் எழுத ஒரு கோடு.

பாட்டிலில் பெயர் வரும் என்றதும் ஆளுக்கு ஆள் அழகிப் போட்டிக்குப் பெண்ணை அனுப்புவது மாதிரி பழத்தைத் தயார் செய்ய ஆரம்பித்தார்கள். அதில் என் அண்ணன் எல்லாரையும் மிஞ்சிவிட்டான். அதிகாரிக்குக் காட்டப் போகும் முதல் கூழ் ஆலைத் தலைவரான அவனுடைய தோட்டத்தில் இருந்துதான் என்று முடிவானதும், தன் தோட்டத்தின் நான்கு வரிசையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். பழம் சிவந்து, நன்றாகச் சிவந்து, அதற்கு மேலும் பத்து நாள் செடியிலேயே தொங்கியது. தூங்குகிற குழந்தையை எட்டி எட்டிப் பார்ப்பது போல, காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

வாழ்நாள் முழுவதும் நாங்கள் காயும் பழமுமாகப் பறித்தே பழகியவர்கள். லாரியில் நசுங்காமல் போய்ச் சேர வேண்டுமே. செடியிலேயே முழுதாகப் பழுக்க விடுவது எங்களுக்கு ஒரு ஆடம்பரம். கடைசியில் அந்த ஆடம்பரம் கைக்கு எட்டியபோது, எங்கே நிறுத்துவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பழம் அளவுக்கு மீறிப் பழுத்தால் புளிப்பு போய்விடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த நான்கு வரிசையை நான் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்றால், நான் கோபத்தில் இருந்தேன். அதிகாரி வருவதற்கு நான்கு நாள் முன்பு என் வீட்டுக்காரர் ஐந்து பிளாஸ்டிக் கிரேட் பழம் கொண்டுவந்து ஆலை வாசலில் இறக்கினார். எங்கள் தோட்டம் ஆலைக்கு எதிர்ப்புறம், சாலையைக் கடந்தால் வந்துவிடும். எங்கள் பழம் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. காம்புப் பக்கம் பச்சை விட்டிருக்கும், கெட்டியாக இருக்கும், கடித்தால் கண்ணைச் சுருக்கவைக்கும். அண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்து, முகத்தைக் கோணிக்கொண்டு, பத்து பேர் முன்னால் சொன்னான்: “மாப்ள, இதை ஆலைக்குக் குடுக்காதீங்க. யார் மேலயாவது கோபம் இருந்தா அவங்களுக்குக் குடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். “சரி மச்சான்” என்று சொல்லி ஐந்து கிரேட்டையும் திரும்ப வண்டியில் ஏற்றினார். மச்சான் மாப்பிள்ளைக்குள் கிண்டல் எங்கள் வீட்டில் புதிதல்ல. ஆனால் அன்று அவர் சாப்பிட உட்கார்ந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டார். “தலைவலி” என்றார். அவருக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து அண்ணனோடு வேலை விஷயம் தவிர வேறு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவனுடைய பழமும் வேலை விஷயம்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அன்று காலை எட்டு மணிக்கு அண்ணனின் பழம் வந்து இறங்கியது. பெல்ட்டில் நிற்கும் கண்ணாடியம்மா, மார்க்கெட்டில் இருபது வருஷம் பழம் பிரித்த கை அவளுடையது, ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அடேயப்பா, கொஞ்சம் அதட்டினா அழுதுடும் போல இருக்கே” என்றாள். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, அதிகாரியை வரவேற்கிற கோலத்தில் காலையிலேயே வந்துவிட்டிருந்தான்.

பதினொன்றரை மணிக்குக் கொப்பரையில் கூழ் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. இத்தனை சிவப்பை நான் பார்த்ததில்லை. பாய்லர்காரர் ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதி ருசித்துவிட்டு, “சர்க்கரை போட்டீங்களா?” என்று கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

நான் ஒரு கப் கூழை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆறவிட்டு, மீட்டரை இறக்கினேன். எண் கொஞ்சம் தடுமாறி நின்றது. 4.7.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். பத்து பேர் முன்னால் சிரித்தாயே, இப்போது பார் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் அந்த எண்ணின் அர்த்தம் உறைத்தது.

தக்காளிக்கு அதன் புளிப்புதான் காவல். காற்றில்லாத மூடிய பாட்டிலுக்குள் வளர்கிற ஒரு விஷக்கிருமி உண்டு. நாங்கள் கொதிக்கவைக்கிற சூட்டுக்கு அது சாகாது, விதை மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். புளிப்பு இருக்கிறவரை கண் திறக்காது. 4.6-ஐத் தாண்டினால் திறந்துவிடும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கத்தான் எங்கள் 4.4. கூழின் நிறம் மாறாது, ருசியும் பெரும்பாலும் மாறாது. சாப்பிட்டவருக்குப் பார்வை மங்கும், நாக்கு குழறும், பிறகு மூச்சு நிற்கும். பயிற்சியில் இதைச் சொன்னவர் குரலை உயர்த்தாமல், ஊருக்குப் போகிற பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். அதனாலேயே எனக்கு மறக்கவில்லை.

கண்ணாடியைத் தட்டி அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் எண்ணைப் பார்த்தான்.

“நாலு புள்ளி ஏழு. நல்லதுதானே? ஜாஸ்தியா இருக்கு.”

“அண்ணா.” என் குரலிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. “பாட்டில் போட முடியாது.”

“மீட்டர்ல ஏதோ கோளாறு.”

கோளாறாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதைவிட, என் கோபம்தான் எண்ணாக வந்து நிற்கிறதோ என்று ஒரு பயம். அவன் கண் முன்னாலேயே முனையைக் கழுவி, ஒரு புட்டித் திரவத்தில் இறக்கினேன். 4.0 காட்ட வேண்டும், காட்டியது. இரண்டாவது புட்டியில் 7.0, அதுவும் சரி. புதிதாக ஒரு கப் கூழ் எடுத்தேன். 4.7. கொப்பரையின் அடியிலிருந்து இன்னொரு கப், அதிலும் அதேதான். நோட்டில் எழுதினேன்.

“சரி, என்ன செய்யலாம்?” என்றான். முகம் வெளுத்திருந்தது.

“எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், ஒரு பாக்கெட் இருக்கு. எல்லா ஆலையிலயும் போடறதுதான். கொஞ்சம் போட்டாப் போதும்.”

அவன் மேசையில் கட்டாக இருந்த லேபிள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். ‘தக்காளி மட்டும். வேறொன்றும் இல்லை.’ 

“இதைச் சொல்லித்தான் அந்தக் கம்பெனிக்காரங்களையே வரவழைச்சேன். அவங்க கேட்டதே இதுதான். பூசணிக்காய் கலக்காத, சாயம் கலக்காத, உப்பு கலக்காத கூழ்.”

“அப்ப பாட்டில் போட முடியாது.”

கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அதிக நேரம் விட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும். நீராவியைக் குறைக்கச் சொல்லி பாய்லர்காரருக்குக் கைகாட்டினேன். அண்ணன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஆறே ஆறு பாட்டில். அவங்க ருசி பார்த்துட்டுத் தூக்கிப் போடப் போறாங்க. நாளையிலேர்ந்து சரியான பழம் போடலாம். நீ நாலு புள்ளி நாலுன்னு எழுது.”

“எழுத மாட்டேன்.”

“இந்த வேலைய உனக்கு வாங்கிக் குடுத்தது யாரு?”

“நீதான். அதனாலதான் எழுத மாட்டேன்.”

“மாப்ளைய நான் சொன்னதுக்குப் பழி வாங்கறியா?”

அது சுருக்கென்று தைத்தது, அதில் பாதி உண்மை இருந்ததால். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“ஆமா, கோபம் இருக்கு. உன் பழம் அளவுக்கு மீறிப் பழுக்குதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். அது என் தப்பு. அதுக்கு என்னை என்ன வேணா திட்டு. ஆனா அந்த ருசி பார்க்கப் போற நாக்கு யாரோடது? அவங்க மேல எனக்குக் கோபமா, உனக்குக் கோபமா? அவங்களுக்கு நம்ம சண்டை எதுவும் தெரியாது அண்ணா.”

அவன் உட்கார்ந்துவிட்டான். வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் அவன் மட்டும் கலைந்து போயிருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. டிராக்டர் சக்கரத்தைக் கழுவியபோது இருந்த அதே முதுகு.

என் சாப்பாட்டுப் பையில் எங்கள் தோட்டத்துப் பழம் நான்கு கிடந்தது. அவன் திருப்பி அனுப்பிய மறுநாள், ஆற்றாமையில் ஒன்றைப் பிழிந்து மீட்டரில் பார்த்திருந்தேன். 4.1. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. சும்மா, எங்கள் பழத்துக்கும் ஒரு எண் இருக்கட்டும் என்றுதான்.

நான்கையும் நறுக்கிச் சின்ன அடுப்பில் வேகவைத்து மசித்து வடிகட்டினேன். அண்ணனின் கூழில் மூன்று கரண்டி, இதில் இரண்டு கரண்டி. கலக்கி, ஆறவைத்து, மீட்டரை இறக்கினேன். 4.3.

கப்பை அவன் பக்கம் தள்ளினேன். “இதுலயும் தக்காளி மட்டும்தான் இருக்கு. வேறொண்ணும் இல்ல.”

விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். வெகு நேரம் வாயை அசைத்தான். எத்தனை கோபம் இருந்தாலும் தக்காளி விஷயத்தில் அவன் நாக்கு பொய் சொல்லாது.

“நல்லா இருக்கு” என்றான். “முன்னதைவிட நல்லா இருக்கு. அது வெறும் இனிப்பா இருந்துச்சு.” பிறகு, “ஆனா இது ஒரு தோட்டத்துப் பாட்டில் இல்லையே.”

“இல்லதான்.”

“நானே போட்ட சட்டம்.”

“நீயேதான்.”

சுவரில் இருந்த கடிகாரம் பன்னிரண்டேகால் காட்டியது. எழுந்து வெளியே போனான். யாரையாவது அனுப்புவான் என்று நினைத்தேன். கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, எங்கள் தோட்டத்துக்குள் அவனே இறங்குவது ஈ வலை வழியாகத் தெரிந்தது.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று பிறகு என் வீட்டுக்காரரைக் குடைந்து குடைந்து கேட்டேன். அண்ணன் போய் நின்று, “மாப்ள, புளிப்பு வேணும்” என்றானாம். இவர், “எவ்வளவு மச்சான்?” என்று கேட்டாராம். அவ்வளவுதான். நானாக இருந்தால் குறைந்தது ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கவைத்துப் பேசியிருப்பேன். அதற்காகத்தான் மீட்டர் பக்கத்தில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள் போல.

திருப்பி அனுப்பிய ஐந்து கிரேட்டில் மூன்று மோட்டார் அறை நிழலில் அப்படியே இருந்தன. நான்கு நாளாகியும் ஒன்றுகூடக் குழையவில்லை. எங்கள் பழத்தின் குணம் அது. இன்னும் இரண்டு கிரேட் தேவை என்று இருவரும் வரிசைக்குள் இறங்கினார்கள். அண்ணனின் கை பழக்கதோஷத்தில் சிவந்ததாகத் தேடித் தேடிப் போனதாம். “மச்சான், பச்சை விட்டதா எடுங்க” என்று இவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். இதைச் சொல்லும்போது மட்டும் என் வீட்டுக்காரர் கொஞ்சம் சிரித்தார்.

தலையில் கிரேட்டோடு அண்ணன் உள்ளே வந்தபோது வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தக்காளிச் செடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும், கையில் ஒட்டும் அந்தப் பச்சைக் கறை முதலில் மஞ்சளாகும், பிறகு கறுக்கும். அவன் வெள்ளைச் சட்டையின் நெஞ்சிலும் கையிலும் அது திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

“என்ன தலைவரே, கோபம் யார் மேல?” என்று கேட்டாள் கண்ணாடியம்மா. அன்று அவளும்தான் சிரித்தவள்.

“என் மேலதான். சீக்கிரம் பெல்ட்டைப் போடு” என்றான்.

கழுவி, பிரித்து, நசுக்கி, பல்ப்பரில் விட்டு, சூடாக்கிக் கொப்பரையில் சேர்த்தபோது மணி இரண்டாகிவிட்டது. நிறம் கொஞ்சம் வெளுத்தது. கிளறிக் கிளறி மறுபடி வற்றியபோது திரும்பச் சிவந்தது, முன்பிருந்த அளவுக்கு இல்லை. மூன்று இடத்தில் எடுத்துப் பார்த்தேன். 4.3, 4.3, 4.3. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய்லர்காரர் குழாயைத் திறந்தார். மூன்றரைக்குப் பாட்டில்கள் நிரம்பி, மூடி இறுகி, தலைகீழாக நின்று ஆறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அண்ணன் நோட்டைப் பார்த்தான். அன்றைய தேதிக்குக் கீழே முதல் வரி: தோட்டம் என்ற இடத்தில் அவன் பெயர், அதற்கு நேராக 4.7, அதற்கு நேராக ‘நிரப்பவில்லை’.

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாமா?” என்று மெதுவாகக் கேட்டான். பெரிய கட்டளை போடுகிறவன் சின்ன உதவி கேட்கிற குரல்.

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு அண்ணா.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான்கு மணிக்குச் சொல்லிவைத்தது போல அதிகாரி வந்தார். ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மாள். தலைக்கு வலை, காலுக்கு உறை எல்லாம் தன் பையிலிருந்தே எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணனின் கறைபட்ட சட்டையை ஒரு பார்வை பார்த்தார். வரவேற்க நாங்கள் வைத்திருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. பாட்டிலையும் தொடவில்லை. நேராக என் மூலைக்கு வந்து, “நோட்டைக் காட்டுங்க” என்றார்.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மாதக்கணக்கில் நான் எழுதிய எண்கள் மேல் அவர் விரல் வரி வரியாக இறங்கி வந்தது. அண்ணன் கதவருகே நின்றான். அவனுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் காலி கிரேட்டை எடுத்துப் போக வந்தவர், நகரத் தோன்றாமல் நின்றுவிட்டார். விரல் அன்றைய தேதிக்கு வந்து நின்றது.

“இது என்ன, 4.7?”

காலையில் அத்தனை வீராப்பு பேசிய நான்தான் வாயைத் திறந்தேன். அண்ணனின் முகம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பெயர் பாட்டிலில் வர வேண்டும் என்று ஊரையே கூட்டியவனின் பெயர், எல்லாரும் பார்க்க அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நின்றது.

“அது வந்துங்கம்மா, காலையில மீட்டர் கொஞ்சம் சரியா...”

“மீட்டர்ல ஒரு தப்பும் இல்லங்கம்மா” என்றான் அண்ணன். உள்ளே வந்து நோட்டில் தன் பெயர் மேல் விரலை வைத்தான். “இது நான்தான். என் தோட்டம். பாட்டில்ல பேரு வருதேன்னு அளவுக்கு மீறிப் பழுக்க விட்டுட்டேன். இவ நிரப்ப விடல. நான் எவ்வளவோ சொல்லியும் விடல. அப்புறம் என் மாப்ள தோட்டத்துப் பழத்தைச் சேர்த்துதான் இது சரியாச்சு. நாலு நாள் முன்னாடி நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பின பழம்.”

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெல்ட் நின்றுபோயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் இருந்த கிரேட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

அதிகாரி என் மீட்டரை வாங்கித் தானே ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்தார். 4.3. ஒரு கரண்டி ருசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எட்டு ஆலை பார்த்தாச்சு இந்த மாசம். எல்லா நோட்டுலயும் எல்லா எண்ணும் நல்லா இருந்துச்சு. நம்பத்தான் முடியல” என்றார். “அடுத்த வாரம் முதல் லோடு அனுப்புங்க. ஆறு மாசத்துக்குப் பார்ப்போம். லோடோட இந்த நோட்டுப் பக்கத்தோட நகலும் வரணும், நல்லது கெட்டது எல்லாமே. லேபிள்ல ஒரு தோட்டம்னு போடாதீங்க. கலக்காம யாராலயும் வருஷம் பூரா ஒரே மாதிரி குடுக்க முடியாது.”

“போட மாட்டோம்” என்றான் அண்ணன்.

வருஷம் முழுவதும் என்று கனவு கண்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் அவருடைய வண்டி திரும்பியதும் வெளியே ஒரு கூச்சல் கிளம்பியது. பாய்லர்காரர் காரணமே இல்லாமல் விசிலை இரண்டு தடவை ஊதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

அண்ணன் மட்டும் போகவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் இருந்த கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“காலையில எவ்வளவு கெஞ்சினேன், ஒரு எண்ணை மாத்தி எழுத மாட்டேன்னுட்ட” என்றான். “சாயங்காலம் யாரும் கேக்காமலே பொய் சொல்ல வந்துட்டியே. ஏன்?”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“காலையில அது யாரோ சாப்பிடப் போறது. சாயங்காலம் உன் மானம் மட்டும்தான் போக இருந்துச்சு. அதுக்கு ஒரு பொய் சொன்னா என்னன்னு தோணுச்சு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறான், அழுகையும் சேர்ந்துதான் இருந்தது. பிறகு நோட்டை இழுத்து, 4.7-ஐயும் 4.3-ஐயும் மாறி மாறிப் பார்த்தான்.

“இதுல எது புளிப்புன்னு சொன்ன?”

“சின்னதுதான் அண்ணா.”

“ம்” என்றான். முதல் முறையாக எதிர்க் கேள்வி கேட்கவில்லை. எழுந்து வெளியே போய், கேட்டருகே காலி கிரேட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அடுக்கின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான்.